ஒரகடத்தில் ஒரு லேசான ஸ்டீயரிங்

வல்லக்கோட்டை முருகனுக்கு நேர்ந்துகொண்டவர் என் கணவர். விமானம் ஏறியவள் நான். பித்தப்பையில் கல் என்று டாக்டர் சொன்ன அன்றே, அறுக்காமல் கரைந்து போனால் வெள்ளி வேல் சாத்துகிறேன் என்று மலேசியாவில், கிள்ளான் வீட்டு நாற்காலியை விட்டு எழாமலே வேண்டிக்கொண்டார். கரைந்ததோ நகர்ந்ததோ, வலி நின்றுவிட்டது. ஆனால் விமானம் என்றாலே அவருக்குப் பயம். "நீ போய்ட்டு வா மங்களம், உன் சொந்தக்காரங்கதானே அங்க இருக்காங்க" என்றார். நான் கிள்ளானில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ரமதான் லீவு, சீனப் பெருநாள் லீவு என்று எனக்குக் கிடைக்கும் நாட்களே கொஞ்சம். அதையும் முருகனுக்குக் கொடு என்றால் கோபம் வராதா? கோபத்தோடுதான் கிளம்பினேன்.

1991ஆம் வருஷத்து மழைக்காலம் அது. ஆயுத பூஜை முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கடை வாசல்களில் கட்டிய வாழைக்கன்றுகள் காய்ந்து தொங்கின. அந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டுகிற எந்த வண்டியையும் போலீஸ் சும்மா விடவில்லை. ஏன் என்று பஸ்ஸில் யாரும் கேட்கவில்லை, மே மாசம் அங்கே வெடித்த குண்டு எல்லாருக்கும் நினைவிருந்தது. ஒரு கான்ஸ்டபிள் ஏறி என் பையைத் திறக்கச் சொன்னார். என் பேச்சைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"சிலோனாம்மா நீ?"

"மலேசியா."

"தமிழு வேற மாரி கீதே."

"உங்க தமிழும் எனக்கு வேற மாதிரிதான் இருக்கு" என்றேன். பக்கத்து சீட்டு அம்மாள் என் தொடையைக் கிள்ளினாள். கான்ஸ்டபிள் பைக்குள் சுருட்டி வைத்திருந்த துண்டைப் பிரித்தார். உள்ளே முழ நீளத்துக்கு வெள்ளி வேல்.

"இன்னாமா இது, ஆயுதமா?"

"முருகன் கையில இருந்தா வேல், என் கையில இருந்தா ஆயுதமா?"

அவர் என்னைப் பார்த்தார், வேலைப் பார்த்தார், அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பித் தந்தார். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே பின் டயர் போனது. எங்கள் ஊராக இருந்தால் அதற்குள் நாலு பேர் பூத்தைத் தேடிப்போய் பஸ் கம்பெனிக்கு போன் போட்டுத் திட்டியிருப்பார்கள். இங்கே எல்லாரும் இறங்கி, ஒரு கொட்டகையில் ஒதுங்கி, வேகவைத்த வேர்க்கடலையை வாங்கிப் பங்கு போட்டுத் தின்றார்கள். எனக்கும் ஒரு கை கொடுத்தார்கள். கோபத்தோடு தின்றாலும் ருசியாகத்தான் இருந்தது.

ஒரகடம் கூட்ரோட்டில் என் சித்தி மகன் எத்திராஜ் காத்திருந்தான். வேனோடு வந்து அழைத்துப்போவதாகக் கடிதம் எழுதியிருந்தவன், சைக்கிளோடு நின்றான். ரோடுகள் கூடுகிற அந்தக் கூட்ரோட்டில் அப்போது ரெண்டு டீக்கடை, ஒரு பங்க்சர் கடை, ஒரு மெக்கானிக் ஷெட், மற்றபடி நாலு பக்கமும் வயல். எத்திராஜ் என் பையை கேரியரில் கட்டினான். முகத்தில் சவரம் இல்லை.

"வேன் எங்கடா?"

"நின்னுகினு கீதுக்கா. அப்பால சொல்றேன். மொதல்ல டீ குடி."

டீ வந்தது. எங்கள் ஊர் தே தாரிக் டீயில் பாதி அளவு, இனிப்பு மட்டும் ரெண்டு பங்கு. டீக்கடைக்காரர் அவனுக்குக் கிளாஸை வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. குடிகாரனுக்கு வைப்பதுபோல் தள்ளி வைத்தார். பெஞ்சில் இருந்த ஒருவர், "இன்னா எத்திராஜு, டீயா இன்னிக்கு?" என்று சிரித்தார். இவன் டீயை ஊதிக் குடித்தான். எனக்குத்தான் காது சூடாயிற்று.

நடந்ததை அவன் பெண்டாட்டி தனம்தான் வீட்டில் சொன்னாள். எத்திராஜ் தன் பழைய வேனில், சுற்று கிராமத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் மறைமலை நகரில் ஒரு ரப்பர் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தான். வண்டிகளுக்கு வேண்டிய புஷ் என்கிற ரப்பர் வளையம், ஓஸ் குழாய் எல்லாம் செய்கிற கம்பெனி. போன வாரம் ஏரிக்கரை வளைவில் வேன் ரோட்டை விட்டு இறங்கி, கவிழாமல் சரிவில் ஓடி, நெல் வயலில் போய் நின்றது. யார் உயிருக்கும் ஒன்றும் இல்லை. முன் சீட்டில் இருந்த ஸ்டெல்லா என்ற பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"குடிச்சிட்டு ஓட்டிட்டாருன்னு ஊரே சொல்லுது அண்ணி" என்றாள் தனம். "ஒரு காலத்துல குடிச்சவருதான், இல்லன்னு சொல்லல. போன வருஷம் மலைக்கு மாலை போட்டதுலேருந்து தொட்டதில்ல. யாரு நம்பறாங்க? கம்பெனில சூப்பர்வைசர் சாலமன் சாரு டிரிப்ப நிறுத்திட்டாரு. திங்கக்கெழமைக்குள்ள ஒரு முடிவு தெரியலன்னா படப்பை வேன்காரனுக்குக் குடுத்துருவாராம்."

"நீ என்னடா சொல்ற?" என்று அவனைக் கேட்டேன்.

"ஸ்டீயரிங் லேசாயிடிச்சிக்கா. பூவாட்டம் சுத்துது. கையில ஒண்ணுமே தெரில. நான் ஒரு பக்கம் நெனச்சா அது ஒரு பக்கம் போவுது. யாருகிட்ட சொன்னாலும் சிரிக்கிறாங்க. இப்ப எனக்கே சந்தேகமா கீது, என் கைதான் நடுங்கிச்சோ இன்னாமோன்னு."

அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஊர் ஒருவனைக் குடிகாரன் என்று சொல்வது ஒன்று, அவனே அதை நம்ப ஆரம்பிப்பது வேறு. இவன் கைக்குழந்தையாக இருந்தபோது நான் இடுப்பில் சுமந்திருக்கிறேன். அப்புறம்தான் அப்பா எங்களைக் கப்பலேற்றிக் கூட்டிப்போனார். வேலைச் சாத்திவிட்டு மகாபலிபுரம், காஞ்சிபுரம் எல்லாம் பார்க்க ஆசையாக இருந்தேன். அதெல்லாம் போகட்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

மறுநாள் காலை வல்லக்கோட்டை. ஆளுயரத்துக்கு மேல் நிற்கிற முருகன். எங்கள் பத்துமலை முருகனைப் பார்க்கப் படியேறிக் கால் வலிக்கும், இவர் நேராகக் கண்ணைப் பார்க்கிறார். வேலைக் கொடுத்தேன், அர்ச்சனை செய்தேன், என் கணவர் பெயரைச் சொன்னேன். கடைசியில் எனக்கென்று ஒன்று கேட்டுக்கொண்டேன். வேண்டுதல் எல்லாம் இல்லை, கொஞ்சம் சண்டைதான். உன் கோயிலுக்கு வந்த இடத்தில் என் தம்பியை இப்படி வைத்திருக்கிறாயே, நியாயமா என்று கேட்டேன். பிரசாதமாகக் கொடுத்த சூடான வெண்பொங்கலை இலையோடு வாங்கி வெளிப்படியில் உட்கார்ந்து தின்றேன். மிளகு தாராளமாக இருந்தது.

திரும்பி வந்ததும், வீட்டு வாசலில் நின்ற வேனுக்குச் சாவியைக் கேட்டேன்.

"ஐயோ அண்ணி, வாணாம்" என்றாள் தனம். "பொம்பளைங்க வேன் ஓட்டி இங்க யாரும் பாத்தது இல்ல. அதுவும் இந்த வண்டிய."

"பார்க்கட்டும். அதுக்குக் காசா கேக்கப் போறேன்?"

அதற்குள் மெக்கானிக் கன்னியப்பன் வந்துவிட்டார். கூட்ரோட்டு ஷெட் அவருடையதுதான். அகலமான மனிதர், நெற்றியில் பட்டை, குரலில் அதிகாரம். நான் வேனுக்கு அடியில் படுத்திருப்பதைக் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"நான் எல்லாம் பாத்துட்டம்மா" என்றார். "வயல்லேருந்து தூக்கினதும் ஸ்டீயரிங் பாக்ஸ ஒரு திருகு டைட் கூடப் பண்ணேன். ஸ்டீயரிங் லேசா இருந்தா நல்லதுதானே? கஷ்டமா இருந்தாத்தான் கம்ப்ளைண்டு. வண்டில ஒண்ணும் இல்ல. கொற இருக்க வேண்டிய எடத்துல கீது." தொண்டையைத் தொட்டுக் குடிப்பதுபோல் காட்டினார்.

எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டேன். "ஆட்டம் வேற, லேசு வேற. ஆட்டம்னா ஸ்டீயரிங் கொஞ்சம் சுத்தும், சக்கரம் சும்மா இருக்கும். லேசுன்னா சக்கரம் உடனே திரும்பும், ஆனா கையில பாரம் தெரியாது. எதுன்னு பார்த்தீங்களா?"

"இதெல்லாம் மலேசியாவுல சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்டார். கேலிதான். ஆனாலும் போகவில்லை, வேப்பமரத்தடியில் சாய்ந்து நின்றுகொண்டார்.

எத்திராஜை உள்ளே உட்காரவைத்து ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டச் சொன்னேன். நான் கீழே ஒவ்வொரு மூட்டிலும் கையை வைத்துப் பார்த்தேன். எந்த மூட்டிலும் ஆட்டம் இல்லை. ஜாக்கி போட்டு முன் சக்கரங்களைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து உலுக்கினோம். பேரிங் கெட்டியாக இருந்தது. ஏதாவது ஒன்று தளர்ந்திருந்தால் நன்றாயிருக்குமே என்று ஏங்கிப் போனேன். ஒன்றும் தளரவில்லை. கன்னியப்பன் சிரித்தபடி பீடி பற்றவைத்துக்கொண்டு போனார். எத்திராஜ் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச வெளிச்சமும் அணைந்தது. அன்றைக்குக் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் செய்திருந்தாள் தனம். அவன் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் பங்கையும் நானே சாப்பிட்டேன், கோபம் வந்தால் எனக்குப் பசி அதிகம்.

அடுத்த நாள் சனிக்கிழமை. காற்று மட்டும் பார்க்கவில்லை என்று சொல்லி வேனை எடுத்தேன். முன் டயரில் காற்று அளவுக்கு மீறி இருந்தாலும் ஸ்டீயரிங் லேசாகும். எத்திராஜ் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தெருவில் பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "யம்மா, ஓரமா போ, ஓரமா போ" என்று ஒருவர் ரோட்டிலிருந்து எனக்குப் பாடம் நடத்தினார். ஹாரனை அழுத்தியதும் அவர்தான் ஓரமாகப் போனார்.

ரோட்டில் ஏறியதும் எனக்குப் புரிந்தது. அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஸ்டீயரிங் கையிலேயே இல்லாததுபோல் சுற்றியது. வேன் இடதும் வலதுமாக மோப்பம் பிடித்துக்கொண்டு போனது. மெதுவாகப் போகும்போதே இப்படியென்றால் ஆள் ஏற்றிக்கொண்டு வளைவில் என்ன ஆகும்? "உன் கை நடுங்கலடா" என்றேன். "எனக்கே வேர்க்குது." அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அழுகிறான் என்று தெரிந்து நானும் பார்க்கவில்லை.

பங்க்சர் கடையில் பார்த்தால் காற்று சரியாகத்தான் இருந்தது. வெறுத்துப்போய்க் கூட்ரோட்டு டீக்கடை முன்னால் வேனைத் திருப்பி நிறுத்தினேன். அங்கே ஆந்திரா லாரி ஒன்று நின்றிருந்தது. அதன் டிரைவர்கள் ரெண்டு பேரும் செட் தோசையும் வடகறியும் தின்றபடி என்னைப் பார்த்துத் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள்.

"அந்தப் பொம்பளை ஓட்டுவதைப் பார்த்தாயா? திருப்புவதும் அவளே, மறுபடி நேராக்க இழுப்பதும் அவளே. கிணற்றில் தண்ணீர் சேந்துவது மாதிரி."

"கையை விட்டால் அதுவாகத் திரும்பி வரும் என்றுகூடத் தெரியவில்லை, பாவம். யார் இவளுக்கு லைசென்ஸ் கொடுத்தது?"

மலேசியாவில் நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் பக்கத்து லயத்து வீடுகள் முழுக்கத் தெலுங்கர்கள். திட்டும் தெரியும், பேச்சும் தெரியும். நேராக அவர்களிடம் போய், "லைசென்ஸ் பையில்தான் இருக்கிறது, எடுத்துக் காட்டவா?" என்று தெலுங்கிலேயே கேட்டேன். ஒருவருக்குத் தோசை தொண்டையில் அடைத்துக்கொண்டது. சண்டை போடத்தான் போனேன். வாயைத் திறந்த பிறகுதான் அவர்கள் சொன்னது எனக்கே உறைத்தது. கிள்ளானில் என் வேனில் வளைவு முடிந்ததும் கையைத் தளர்த்தினால் போதும், ஸ்டீயரிங் தானாக நேராகிவிடும். இதில் அப்படி ஆவதில்லை. திருப்பிய இடத்திலேயே நிற்கிறது. மூன்று நாளாக அதன் மேல்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன், இதை மட்டும் கவனிக்கவில்லை. திட்ட வந்தவள் அவர்களுக்கு ரெண்டு டீ சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் மிரண்டு போய்க் குடித்தார்கள்.

எங்கள் ஊர் சீன மெக்கானிக் ஒருமுறை இதை எனக்குச் சைக்கிளை வைத்துச் சொல்லியிருக்கிறார். சைக்கிளின் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை பின்பக்கமாகச் சாய்ந்து நிற்பதால்தான் கையை விட்டாலும் சக்கரம் நேராகப் போகிறது. நிமிர்த்திவிட்டால் தள்ளாடும். வேனின் முன் அச்சுக்கும் அதே சாய்வு வேண்டும். அப்படியானால் இந்த வேனில் அந்தச் சாய்வு எப்போது போனது?

"எத்திராஜ், இது எப்ப ஆரம்பிச்சது? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"பூஜைக்கு அப்பாலதான்க்கா. பூஜைக்கு மின்னாடி வண்டி சொக்கமா ஓடிச்சி."

"பூஜைக்கு என்ன பண்ணீங்க?"

அவன் சொன்னான். கூட்ரோட்டு வேன் ஸ்டாண்டில் எல்லா வருஷமும் செய்வதுதான். ஆயுத பூஜைக்கு முதல் நாள் வண்டியைப் பிரிப்பார்கள். சக்கரம், ஸ்பிரிங் பட்டை, போல்ட், ஒன்று விடாமல் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பெயிண்ட் அடித்து, கன்னியப்பன் ஷெட்டில் சாமி படத்துக்கு முன்னால் தார்ப்பாய் விரித்து வரிசையாக அடுக்குவார்கள். ஒவ்வொரு உருப்படிக்கும் சந்தனம், குங்குமம். சாமியைப் பார்த்திருக்கும் முனையில் பொட்டு. பூஜை முடிந்து திரும்பப் பூட்டும்போது பொட்டு வைத்த பக்கம் வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும். அது கன்னியப்பன் வைத்த சட்டம். சாமி பார்த்த பக்கம்தான் ரோட்டில் முதலில் போகவேண்டுமாம்.

பாதியிலேயே நான் வேனுக்கடியில் போய்விட்டேன். ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு சின்ன இரும்பு ஆப்பு இருந்தது. ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிசு. அச்சைச் சாய்த்து வைப்பதற்காகவே போடுவது. எத்திராஜ் இந்த வேனை வாங்கிய பிறகு இதுதான் முதல் பூஜை, ஆப்பு முன்னால் வைத்திருந்தவர் போட்டதாம். ஸ்டாண்டில் வேறு எந்த வண்டியிலும் இல்லை. தடிமனான பக்கம் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் இருந்தது. அந்தத் தடித்த முனையில், சேறும் கிரீஸும் போக, மங்கலாகக் குங்குமம் தெரிந்தது. மறுபக்கச் சக்கரத்துக்குப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அப்படியே. ரெண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பின்னால் சாய வேண்டிய அச்சு முன்னால் சாய்ந்து கிடந்தது.

எத்திராஜை இழுத்துக் காட்டினேன். அவன் அந்தப் பொட்டை விரலால் தொட்டான். "நான்தான் பூட்டினேன்க்கா. அவரு சொன்ன மாரியே" என்றான். அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

வேனை மெல்ல வீட்டு வாசலுக்கு ஓட்டிப்போய், கன்னியப்பனை அங்கே அழைத்து வந்தோம். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். அவர் முகத்தைப் பார்த்தபோதே புரிந்துவிட்டது, விஷயம் அவருக்கும் விளங்கிவிட்டது. ஆனால் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

"இன்னா சொல்ற நீ? பொட்டு வச்ச மொகத்தப் பின்னால திருப்பச் சொல்றியா? சாமிக்கு முதுகக் காட்டிக்கினு வண்டி ஓட்டுவியா? நான் எத்தினி வருஷமா பண்றேன் தெரியுமா?"

"மத்த வண்டியில ஆப்பு இல்ல, தப்பிச்சாங்க. இவன் வண்டியில இருந்தது, மாட்டிக்கிட்டான். சாமி மேல எனக்குக் கோபம் இல்ல. ஒரு மனுஷனக் குடிகாரன்னு ஊர் சொல்றப்ப நீங்களும் தொண்டையைத் தொட்டுக் காட்டுனீங்களே, அதுலதான் கோபம்."

"அந்த ஆப்பத் திருப்பறதுக்கு நான் கை வெக்க மாட்டேன்."

"நான் வைக்கிறேன். ஸ்பேனரைக் கொடுங்க" என்று அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் அபசகுனம் என்றார். ஒருவர் வயலில் விழுந்ததே போதாதா, இன்னும் சாமியைச் சீண்டுவானேன் என்றார். எத்திராஜ் தனத்தைப் பார்த்தான். அந்த வீட்டில் சாமி விஷயம் எல்லாம் அவள் கையில்தான். அவள் வேண்டாம் என்றால் அவன் தொட மாட்டான், எனக்கும் அது தெரியும். தனம் வீட்டுக்குள் போனாள். குங்குமச் சிமிழோடு வெளியே வந்தாள்.

"அந்த மெலிசுப் பக்கமும் ஒரு பொட்டு வச்சிர்றேன்" என்றாள். "ரெண்டு பக்கமும் பாத்துக்கட்டும். அவருக்கு ஆறு மொகம் கீது, பின்னாடி பாக்க மாட்டாரா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கன்னியப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு ஸ்பேனரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "பொம்பளைங்க யூ போல்ட்டு முறுக்கி அது ரோட்ல கயண்டுக்கினா என் ஷெட்டு பேருதான் கெடும். நவுரு" என்றார். அவரே படுத்து, அவரே கழற்றி, தனம் பொட்டு வைத்துக் கொடுத்த ஆப்பை அவரே திருப்பிப் பூட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு விளக்கைப் பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் ஸ்டெல்லாவைப் பார்க்கப் போனேன். கையில் மாவுக்கட்டு, தலையில் முக்காடு. நான் ஒன்றும் கேட்பதற்கு முன்பே, "குடிச்சிருந்தா வாடை வந்திருக்கும்க்கா. பக்கத்துல குந்தினு இருந்தவ நானு. அத யாரும் என்னைக் கேக்கல" என்றாள். ஊரில் எல்லாரும் எல்லாம் சொன்னார்கள், பார்த்தவளை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவளையும் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனோம். எத்திராஜை ஓட்டச் சொன்னேன். மாட்டேன் என்றான். நான் கீழே இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டேன். வேறு வழியில்லாமல் அவனே ஸ்டீயரிங்கில் ஏறினான். அந்த வளைவைப் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை, அப்புறம் யாரும் சொல்லாமலே இன்னொருமுறை எடுத்தான். "கனமா கீதுக்கா" என்றான். அந்த வார்த்தையை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஒருவரை நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலையில் ஆட்கள் வழக்கமாக நிற்கும் இடங்களுக்கு வேன் போனது. முதல் நிறுத்தத்தில் தயங்கினார்கள். ஸ்டெல்லா கட்டுப் போட்ட கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, "நானே குந்தினு கீறேன், உங்களுக்கு இன்னா?" என்றாள். அவளுக்கு அன்றைக்கு வேலைகூட இல்லை, லீவில் இருந்தாள். ஏறினார்கள். வழியெல்லாம் நான் ஆப்புக் கதையைப் பின் சீட்டுக்கு உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். எங்கள் ஊரில் நாங்கள் பால் வெட்டி அனுப்புகிற ரப்பர்தான் இங்கே புஷ்ஷாகிறது என்று ஒரு பெண் கண்டுபிடித்து, "அப்ப உங்களாலதான் எங்களுக்கு இந்த ஓவர்டைம் எல்லாம்" என்று என்னை வம்புக்கிழுத்தாள்.

மறைமலை நகர் கம்பெனி கேட்டில் சாலமன் சூப்பர்வைசர் நின்றிருந்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை, களைத்த மனிதர். எத்திராஜ் இறங்கிப்போய் நடந்ததைச் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டார். ஆப்பைப் பற்றிக்கூட ரெண்டு கேள்வி கேட்டார். பிறகு பையிலிருந்து டைப் அடித்த காகிதம் ஒன்றை எடுத்தார்.

"எல்லாம் சரிப்பா. டிரிப்ப நீயே பண்ணு. இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுடு. குடிச்சிட்டு ஓட்டினேன், இனிமே நடக்காதுன்னு இருக்கு. மேல மேனேஜருக்கு பைலை மூடணும். வேற ஒண்ணும் இல்ல."

வேனுக்குள் எல்லாருக்கும் கேட்டது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கதவைத் திறக்கப் போனேன். ஸ்டெல்லா நல்ல கையால் என் கையைப் பிடித்து, "நீங்க குந்துங்கக்கா" என்றாள்.

எத்திராஜ் காகிதத்தை வாங்கிப் படித்தான். நிதானமாகத்தான் படித்தான். கையெழுத்துப் போட்டால் நாளைக்குச் சோறு, போடாவிட்டால் படப்பை வேன்காரன். அது எல்லாருக்கும் தெரியும்.

"போட மாட்டேன் சார்" என்றான். "ஆப்ப மாத்திப் பூட்டினது நானு. அதுக்கு வேணா எயுதிக் குடுக்கறேன். குடிச்சேன்னு எயுத மாட்டேன். நான் குடிக்கல."

"அப்ப நான் ஒண்ணும் பண்ண முடியாதுப்பா" என்றார் சாலமன். வேன் பக்கம் திரும்பி, "எறங்குங்கமா, டைம் ஆவுது" என்றார்.

யாரும் இறங்கவில்லை. ஷிப்ட் சங்கு ஊதியது. மற்ற வேன்களிலிருந்து ஆட்கள் இறங்கி ஓடினார்கள், கேட்டுக்குள் போனார்கள். எங்கள் வேனில் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கத்தவில்லை, கோஷம் போடவில்லை. கடைசி சீட்டிலிருந்து ஒரு பெண் மட்டும் சொன்னாள்: "மொதல்ல அந்தக் காயிதத்த வாங்குங்க சார். நாங்க தெனம் இவரு பின்னாடி குந்தினு வர்றவங்க. குடிகாரன் வண்டில வந்தோம்னு எங்க வூட்லயும் கேப்பாங்க இல்ல?"

உள்ளே யாரோ ஆளில்லாமல் மிஷின் லைன் நிற்கிறது என்று கத்தினார்கள். சாலமன் கேட்டைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். எத்திராஜிடமிருந்து காகிதத்தை வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "வண்டி ரிப்பேருன்னு நானே எயுதிக்கறேன்" என்றார். அதற்கப்புறம்தான் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவசரமே படவில்லை.

எத்திராஜ் வேனில் ஏறிக் கதவைச் சாத்தினான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"சாயந்தரம் எத்தினி மணிக்கு வரணும் சார்?"

"எப்பவும் வர்ற டைம்தான்" என்றார் சாலமன்.